ஹெட்போனில் மட்டும் கேட்பவர் எந்த சிடி பிளேயர் வாங்கலாம்?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. உங்களிடம் நிறைய சிடிகள் இருக்கின்றன. ஸ்பீக்கர் வைத்துக் கேட்க வழியில்லை, ஹெட்போனில்தான் கேட்கிறீர்கள். அதிகம் செலவழிக்க முடியாது. பழைய போர்ட்டபிள் பிளேயர் ஒன்றை வாங்கலாமா, வீட்டில் சும்மா கிடக்கும் டிவிடி பிளேயரை வைத்தே சமாளிக்கலாமா, இல்லை தனியாக ஒரு சிடி பிளேயர்தான் வேண்டுமா, இவற்றில் எதன் ஒலி நன்றாக இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒலியைப் பற்றிக் கேட்டாலும், நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது, கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எங்கே போடுவது என்பதுதான். ஹெட்போனுக்குப் பெரும்பங்கு, அதை இயக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு (சுருக்கமாக ஆம்ப்) அடுத்த பங்கு, பிளேயருக்கு மிச்சம். பிளேயரை அதன் ஒலிக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். தட்டை ஒழுங்காகப் படிக்கிறதா, பின்பக்கம் என்னென்ன அவுட்புட் இருக்கிறது, இந்த இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆடியோ கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

ஐயமில்லாமல் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சிடி, பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த தரம். முதலில் விற்பனைக்கு வந்த பிளேயரான சோனி சிடிபி-101 ஜப்பானில் 1982 அக்டோபரில் வெளியானது. அன்று முதல் இன்று வரை தட்டில் பதிந்திருப்பது ஒன்றுதான்: ஒரு சேனலுக்கு நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். அவற்றோடு பிழைதிருத்தத்துக்கான கூடுதல் எண்களையும் சேர்த்து, வரிசையைக் கலைத்துப் பரவலாகப் பதிந்திருக்கிறார்கள். இதனால் தடத்தின் நீளவாக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர் அழிந்துபோனாலும், போன எண்களை ஒரு பிட் மாறாமல் கணக்கிட்டு மீட்டுவிடலாம். சேதம் அதைவிடப் பெரிதானால் பிளேயர் முன்பின் எண்களை வைத்து உத்தேசமாக இட்டு நிரப்பும். அதுவும் முடியாத இடத்தில் ஒலியை நிறுத்திவிடும். ஆகவே நல்ல நிலையில் உள்ள எந்தப் பிளேயரும், மோசமாகக் கீறல் விழாத தட்டிலிருந்து எடுப்பது அதே எண்களைத்தான். படிப்பதில் கோளாறு வந்தால் அது டிக்டிக் சத்தமாக வரும், பாட்டு தாவும், திடீரென்று நின்றுபோகும். குரல் மெலிந்துபோவதும் பாஸ் குறைவதும் அந்தக் கோளாறால் வராது. அப்படி ஏதாவது கேட்டால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

எண்களை மின் அலையாக மாற்றும் டிஏசி பகுதி தொடக்க காலத்தில் உண்மையிலேயே கடினமான வேலையாக இருந்தது. பிலிப்ஸ் தன் முதல் பிளேயர்களில் 14 பிட் சிப்பை நான்கு மடங்கு ஓவர்சாம்ப்ளிங் (எண்களுக்கு நடுவே கூடுதல் எண்களைக் கணக்கிட்டுச் சேர்ப்பது) செய்து 16 பிட்டின் தரத்தை எட்டியது. சிடிபி-101-இல் ஒரே கன்வெர்ட்டர்தான். அது இடது, வலது சேனல்களை மாறி மாறிக் கவனித்துக்கொண்டது. அந்தக் காலத்துப் பிளேயர்களுக்குள் ஒலி வேறுபாடு இருந்திருந்தால் நான் வியக்க மாட்டேன். இன்றோ விரல் நகத்தைவிடச் சிறிய, மிக மலிவான சிப்கூட அந்த வேலையைக் காதுக்கு எட்டாத அளவுக்குக் குறைந்த பிழையோடு செய்கிறது.

இங்கேதான் உறுதியானது முடிந்து விவாதத்துக்குரியது தொடங்குகிறது. ஒழுங்காக வடிவமைத்த இரண்டு பிளேயர்களின் ஒலியைக் காது பிரித்தறியுமா என்பதில் நெடுநாளாகச் சண்டை நடக்கிறது. உரப்பைச் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டால், பெரும்பாலும் பிரிக்க முடியாது என்பதே என் கருத்து. உரப்பைச் சமப்படுத்துவது என்பதை அழுத்திச் சொல்கிறேன். சிடி பிளேயரின் லைன் அவுட், அதாவது ஆம்புக்கு இணைக்கும் அனலாக் அவுட்புட், வழக்கமாக 2 வோல்ட். ஒன்று 2 வோல்ட்டும் இன்னொன்று 2.3 வோல்ட்டும் கொடுத்தால் வித்தியாசம் 1.2 டெசிபல். அந்த அளவைக் காது பல நேரம் 'சத்தம் கூடிவிட்டது' என்று உணராது. 'தெளிவு கூடிவிட்டது, உயிர் வந்துவிட்டது' என்றே உணரும். கடையில் இரண்டு பெட்டிகளை மாற்றி மாற்றிக் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர்கள் பல நேரம் இந்த 1 டெசிபலைத்தான் விலை கொடுத்து வாங்குகிறார்கள். விலக்குகளும் உண்டு. ஓவர்சாம்ப்ளிங் ஃபில்டர் இல்லாமலே செய்யப்படும் டிஏசிகளில் 20 கிலோஹெர்ட்சில் 3 டெசிபலுக்குச் சற்று மேல் இறக்கம் இருக்கும். இளம் காதுக்கு அது தெரியலாம். குறைந்த செலவில் தேடுபவர் அந்தப் பக்கம் போகவே தேவையில்லை.

இப்போது நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன்: பிளேயரின் முகப்பில் இருக்கும் ஹெட்போன் ஜாக். அளந்து பார்த்தால், பிளேயருக்குப் பிளேயர் உண்மையில் பெரிதாக மாறுபடுவது இதுதான். பெரும்பாலான மேசைப் பிளேயர்களில் இதற்கென்று தனி ஆம்ப் இருக்காது. ஒரு சின்ன ஐசி (சிப்), அதற்கும் ஜாக்குக்கும் நடுவில் தொடராக ஒரு மின்தடை, அவ்வளவுதான். ஷார்ட் ஆனாலும் ஐசி பிழைத்துக்கொள்ளவே அந்த மின்தடை. அது சில பத்து ஓம்களும் இருக்கலாம், நூறைத் தாண்டியும் இருக்கலாம். இதைத்தான் அவுட்புட் இம்பீடன்ஸ் என்கிறோம். ஹெட்போன்களுக்கான பழைய சர்வதேசத் தரம் ஒன்றே 120 ஓம் என்று பரிந்துரைத்திருக்கிறது, ஆகவே இதைத் தயாரிப்பாளரின் கஞ்சத்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் விளைவு என்ன என்று பாருங்கள். பிளேயர் கொடுக்கும் வோல்ட்டேஜை அந்த மின்தடையும் ஹெட்போனும் தங்கள் ஓம் விகிதப்படி பங்கு போட்டுக்கொள்கின்றன. ஹெட்போனின் ஓம் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருந்தால் சத்தம் மட்டும் குறையும், வால்யூமைக் கூட்டிக்கொள்ளலாம். பல ஹெட்போன்களில் அது ஒன்றாக இருப்பதில்லை.

சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். பெட்டியில் 300 ஓம் என்று போட்டிருக்கும். 100 ஹெர்ட்ஸ் பக்கம் அது 500 ஓமுக்கு மேல் ஏறுகிறது. 120 ஓம் ஜாக்கில் செருகினால், 300 ஓம் இருக்கும் இடத்தில் ஹெட்போனுக்குக் கிடைப்பது 71 சதவீதம், 500 ஓம் இருக்கும் இடத்தில் 81 சதவீதம். அதாவது 100 ஹெர்ட்ஸைச் சுற்றி ஏறக்குறைய 1 டெசிபல் கூடுதல் பாஸ். சிலருக்கு இது பிடிக்கவும் செய்யும், குற்றம் சொல்ல மாட்டேன். காதுக்குள் செருகும் சில இயர்போன்களில் நிலைமை மோசம். ஒரு அதிர்வெண்ணில் 10 ஓமும் இன்னொன்றில் 40 ஓமும் இருக்கும் இயர்போனை வெறும் 10 ஓம் ஜாக்கில் போட்டாலே ஓரிடத்தில் 50 சதவீதமும் மற்றதில் 80 சதவீதமும் போய்ச் சேரும். வித்தியாசம் 4 டெசிபல். அது வேறு ஒரு இயர்போனைக் கேட்பது போலத்தான். பிளேனார் வகை (தட்டையான மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலிக்கும்) ஹெட்போன்களின் ஓம் கிட்டத்தட்ட மாறாமல் இருப்பதால் இந்தத் தொல்லை அவற்றுக்கு இல்லை. ஆனால் பல பிளேனார்கள் மின்சாரத்தை நிறைய கேட்கும், இந்தச் சின்ன ஐசியால் அதைக் கொடுக்க முடியாது. ஜாக்கின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பது நடைமுறையில் பலரும் கடைப்பிடிக்கும் அளவு. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம், 300 ஓமுக்கு 37 ஓம் வரை. பிளேயரின் விவரக்குறிப்பில் பெரும்பாலும் இந்த எண்ணைப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே ஜாக்கை நம்பிப் பிளேயர் வாங்காமல், தனியாக ஒரு சிறிய ஹெட்போன் ஆம்ப் வாங்குங்கள் என்கிறேன். பெரிய ஆம்ப் தேவையில்லை. கணக்கைப் பாருங்கள்: எச்டி 600 ஒரு வோல்ட்டுக்கு 97 டெசிபல் உரப்பு கொடுக்கும். பிளேயரின் லைன் அவுட்டில் ஏற்கெனவே 2 வோல்ட் இருக்கிறது, அதிலேயே 103 டெசிபல் உச்சம் வந்துவிடும். தொடர்ந்து அந்த உரப்பில் கேட்டால் காது கெடும். லைன் அவுட்டில் இல்லாதவை வால்யூம் குமிழும், ஹெட்போனை இயக்கும் மின்னோட்டமும்தான். ஆம்ப் அவற்றைக் கொடுத்தால் போதும், வோல்ட்டேஜை மிகக் கொஞ்சம் பெருக்கினால் போதும். பத்து மடங்கு பெருக்கும் ஆம்பை வாங்கிவிட்டால் குமிழைக் கொஞ்சம் திருகியதுமே காது அடைக்கும். குமிழின் அந்தத் தொடக்கப் பகுதியில் இடது வலது சேனல்கள் சமமாக இருப்பதும் அரிது, பாடகர் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பார். கெயினை, அதாவது எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை, குறைக்கும் சுவிட்ச் உள்ள ஆம்பாகப் பாருங்கள். ஹெட்போன் மாடலின் முழுப் பெயரையும் பாருங்கள்: பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையாக வருகிறது, மூன்றின் தேவையும் வேறு.

இனி நீங்கள் கேட்ட மூன்று வழிகள். முதலில் டிவிடி பிளேயர். அது ஏற்கெனவே வீட்டில் இருப்பதால் அதில்தான் தொடங்கச் சொல்வேன். பின்பக்கம் கோஆக்சியல் அல்லது ஆப்டிகல் அவுட் (எண்களை அப்படியே வெளியே அனுப்பும் டிஜிட்டல் அவுட்) இருக்கிறதா பாருங்கள். இருந்தால், டிஏசியும் ஹெட்போன் ஆம்பும் ஒன்றாக உள்ள ஒரு சிறிய பெட்டியை மட்டும் வாங்கி இணைத்தால் போதும். யூஎஸ்பி மட்டும் உள்ள பெட்டியாக வாங்கிவிடாதீர்கள், கோஆக்சியல் அல்லது ஆப்டிகல் இன்புட் அதில் இருக்க வேண்டும். டிஜிட்டல் அவுட் இல்லாவிட்டால் சிவப்பு வெள்ளை அனலாக் அவுட்டிலிருந்து ஒரு சாதாரண ஹெட்போன் ஆம்புக்கு இணைத்துக் கேளுங்கள், அதுவும் நன்றாகவே இருக்கும். குறைகள் ஒலியில் இல்லை, புழக்கத்தில் இருக்கின்றன. டிவிடி பிளேயர் தட்டை அடையாளம் காணவே நேரம் எடுத்துக்கொள்ளும். எத்தனையாவது பாடல் என்று காட்டும் திரை பலவற்றில் இல்லை, டிவியை ஆன் செய்ய வேண்டியிருக்கும். சில பிளேயர்கள் ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு கணம் ஒலியை வெட்டிவிடும். நேரடிக் கச்சேரிப் பதிவுகளில், ராகம் முடிந்து கீர்த்தனை தொடங்கும் இடத்தில் அது மிகவும் உறுத்தும். மோட்டார் இரைச்சலையும் கவனியுங்கள். ஹெட்போனில் கேட்பவர் பிளேயரை எட்டும் தூரத்தில் வைத்திருப்பார், திறந்த வகை ஹெட்போன் வெளிச்சத்தத்தைத் தடுக்காது. சங்கீதத்தின் மெல்லிய இடங்களில் தட்டு சுழலும் சத்தம் கேட்டால் பக்கத்தில் வைத்துக் கேட்க அது ஏற்ற பிளேயர் இல்லை.

போர்ட்டபிள் பிளேயரைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் பரிந்துரைப்பேன். பேட்டரியில் ஓடுவதால் ஹெட்போன் ஜாக்கில் வரும் வோல்ட்டேஜ் குறைவு. இயர்போனுக்கும் 32 ஓம் ஹெட்போனுக்கும் போதும், 250 அல்லது 300 ஓமுக்குத் திணறும். தனியாக லைன் அவுட் இருக்கும் மாடலாக இருந்தால் அதிலிருந்து ஆம்புக்கு இணைக்கலாம். ஆடினாலும் பாட்டு தாவாமல் இருக்க ஒரு நினைவகம் இருக்குமே, பல மாடல்களில் அதில் ஒலியைச் சுருக்கித்தான் சேமிக்கிறார்கள். மேசையில் வைத்துக் கேட்கும்போது அந்த வசதியை அணைத்துவிடுங்கள். சில மாடல்களில் அணைக்கவே முடியாது. அடாப்டர் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். வோல்ட்டேஜும், பின்னின் நடுப்பகுதி பாசிட்டிவா நெகட்டிவா என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். பிளேயரின் உடலில் வரைந்திருக்கும் குறியோடு ஒப்பிடாமல் எதையும் செருகாதீர்கள். தவறான அடாப்டரால் செத்துப்போனவை என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. பேட்டரி அறையைத் திறந்து பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், பேட்டரி கசிந்து உள்ளே அரித்திருக்கலாம்.

மூன்றாவது, மேசைச் சிடி பிளேயர். புதிது வாங்க முடிந்தால் உத்தரவாதம் கிடைக்கும், லேசர் புதிதாக இருக்கும். இந்த இரண்டுக்கும் கொடுக்கும் விலைதான் அது. ரிமோட்டும் டிஜிட்டல் அவுட்டும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். என் விருப்பம், ஓரளவு நல்ல நிலையில் இருக்கும் பழைய மேசைப் பிளேயர். சோதித்து வாங்கினால் இதைவிடக் குறைந்த செலவில் இதைவிட வசதியானது கிடையாது.

சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. உள்வட்டத்தில் நிமிடத்துக்கு 500 சுற்று, வெளி விளிம்பை நெருங்கும்போது 200 சுற்று. தேய்ந்துபோன பொறியமைப்பு முதல் பாட்டை அழகாகப் பாடிவிட்டுக் கடைசிப் பாட்டில் காலை வாரிவிடும். விற்பவர் எப்போதும் முதல் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவார். ஆகவே 70 நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு தட்டை எடுத்துப்போய்க் கடைசித் தடத்தைப் போடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் எரித்த சிடி-ஆர் ஒன்றையும் கொண்டுபோங்கள். கடையில் வாங்கிய தட்டைப் படித்து, எரித்த தட்டில் திணறினால் லேசர் பலவீனமாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். மிகப் பழைய பிளேயர் சிடி-ஆர்டபிள்யூவை (அழித்து மீண்டும் எழுதக்கூடிய தட்டு) படிக்கவில்லை என்றால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தத் தட்டு ஒளியைத் திருப்பியனுப்புவது மிகக் குறைவு. முதல் தடத்திலிருந்து கடைசிக்கும் கடைசியிலிருந்து முதலுக்கும் சில முறை தாவச் செய்யுங்கள். முடிந்தால் அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடான பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

ட்ரே திறக்க மறுத்தால் பயப்பட வேண்டாம். ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், மாற்றுவது எளிது. அதைச் சாக்காக வைத்து விலையைக் குறைத்துக் கேட்கலாம். லேசர் போயிருந்தால் கதை வேறு. சோனியின் கேஎஸ்எஸ்-213 வகை லேசர் பல நிறுவனங்களின் பிளேயர்களில் இருப்பதால் மாற்று கிடைக்கிறது, நகல்களின் தரம் ஒன்றுபோல இருக்காது. பிலிப்ஸின் பழைய சுழல்கை வகைப் பொறியமைப்புகள் அருமையானவை, ஆனால் உதிரி கிடைப்பது அரிது. லென்ஸில் தூசி இருந்தால் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் அழுத்தாமல் துடைக்கலாம். பிரஷ் ஒட்டிய கிளீனிங் தட்டுகளை நான் பயன்படுத்துவதில்லை, லென்ஸ் தொங்குவது மெல்லிய கம்பிகளில். லேசர் அருகே இருக்கும் குட்டித் திருகைத் திருகி 'பவர் கூட்டித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் அதைச் செய்ய விடாதீர்கள். கொஞ்ச நாள் படிக்கும், பிறகு மொத்தமாக எரிந்துபோகும். ஒரு லேசருக்கு இன்னும் எத்தனை நாள் ஆயுள் என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது. கருவி வைத்து அளந்தால்கூட இன்றைய நிலைதான் தெரியும்.

டிஜிட்டல் அவுட்டில் இணைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு, பலருக்கு இது தெரியாது. 1980களில் வந்த சில சிடிகளில் மேல் அதிர்வெண்களை வேண்டுமென்றே உயர்த்திப் பதிந்திருப்பார்கள், 20 கிலோஹெர்ட்சில் அது 9 டெசிபலுக்கும் மேல். இதை ப்ரீ-எம்ஃபசிஸ் என்பார்கள். தட்டில் அதற்கான குறியீடு இருக்கும், சிடி பிளேயர் அதைப் பார்த்துத் தானே இறக்கிவிடும். வெளியில் இணைக்கும் சில டிஏசிகள் அந்தக் குறியீட்டைக் கண்டுகொள்வதில்லை. உங்கள் பழைய தட்டு ஒன்று டிஏசி வழியாகக் கூச்சலிட்டு, பிளேயரின் அனலாக் அவுட்டில் இயல்பாக ஒலித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்தத் தட்டுகளை மட்டும் அனலாக் வழியாகக் கேளுங்கள். கோஆக்சியலா ஆப்டிகலா என்றால், இரண்டும் அதே எண்களையே கொண்டுபோகின்றன. கம்ப்யூட்டரிலிருந்தோ வேறு கருவியிலிருந்தோ மெல்லிய ஹம் ஒலி வந்தால் ஆப்டிகல் நல்லது, அதில் மின்தொடர்பே கிடையாது. எஸ்ஏசிடி (சிடியைவிட உயர்தரமாகப் பதிந்த ஒரு வகைத் தட்டு) பிளேயர் ஒன்று மலிவாகக் கிடைத்தால், அந்தத் தட்டின் உயர்தர அடுக்கு கோஆக்சியலிலும் ஆப்டிகலிலும் வெளியே வராது என்பதை நினைவில் வையுங்கள்.

டிரான்ஸ்போர்ட் என்ற பெயரில் விலை உயர்ந்த தட்டு-ஓட்டிகளை விற்பவர்கள் ஜிட்டர் என்ற நேரப் பிசகைக் காரணம் காட்டுவார்கள். அளவியில் அது தெரிவது உண்மை. இன்றைய டிஏசிகள் பெரும்பாலும் கடிகாரத்தைத் தாமே சீரமைத்துக்கொள்கின்றன, மிஞ்சுவது காதுக்கு எட்டும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. வேறு விதமாகக் கேட்டதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு வாதாட நான் வரவில்லை. குறைந்த செலவில் அமைக்கும்போது அந்தப் பணத்தை அங்கே போடாதீர்கள் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள்.

உங்கள் ஹெட்போன் எது என்று கேள்வியில் எழுதவில்லை, அது தெரியாமல் ஆம்பைப் பற்றி இதற்கு மேல் குறிப்பாகச் சொல்ல முடியாது. மாடல் பெயரையும், டிவிடி பிளேயரின் பின்பக்கம் என்னென்ன அவுட்புட் இருக்கின்றன என்பதையும் எழுதுங்கள். எவ்வளவு கெயின் வேண்டும், ஜாக்கிலேயே கேட்கலாமா, ஆம்ப் அவசியமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.